டியோர் ஜடோர்: மணத்துக்கு நான்கு நட்சத்திரம், விளம்பரத்துக்கு ஒன்றரை

ஜடோர், டியோர் கம்பெனி 1999இல் கொண்டுவந்த சென்ட். நீண்ட கழுத்துள்ள கண்ணாடி ஜாடி, கழுத்தைச் சுற்றித் தங்க வளையங்கள். இங்கே சிங்கப்பூரில், ஆர்ச்சர்ட் சாலையின் பெரிய கடைகள் எல்லாவற்றிலும் கிடைக்கும். நூறு மில்லி ஓ த பர்ஃபம் (வாசம் அதிக நேரம் நிற்கும் வகை) இருநூறு சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டும். எனக்கு வந்தது, திருமண நாளுக்கு என் கணவர் வாங்கிக் கொடுத்தது.

"மோந்து பார்த்துத்தானே வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"இதுல மோந்து பார்க்க என்ன இருக்கு? விளம்பரத்துல வருதே, அந்தத் தங்கக் கலர் பொண்ணு. அதுதான் இது."

இதை எழுத உட்கார வைத்ததே அந்தப் பதில்தான். நான் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவள். எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பிரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. மணத்தையே பார்க்காமல் இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறார் என்றால், அவர் வாங்கியது எதை?

முதலில் மணத்தைச் சொல்லிவிடுகிறேன். தெளித்ததும் பேரிக்காய் மாதிரி ஒரு பழ வாசம், கொஞ்சம் இனிப்பு. ஈசூனில் எங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடப்பதற்குள் அது போய்விடும். இந்த ஊர்ச் சூட்டில் மேல் வாசம் சீக்கிரம் பறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பூக்கள் வரும். மல்லிகை முன்னால், ரோஜா பின்னால். அலுவலகத்து ஏர்கானில் மதியச் சாப்பாடு வரை தாராளமாக நிற்கிறது. பிறகு தோலோடு ஒட்டி மெல்லிய கஸ்தூரி வாடை. தலைவலி வராது, லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்க மாட்டார். கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று போதும். பட்டுப் புடவை மேல் மட்டும் தெளித்துவிடாதீர்கள், கறை விழும்.

குறை ஒன்று உண்டு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் தொடுத்த மல்லிகையைத் தலையில் வைத்திருந்தவர்களுக்கு அதன் சாயங்கால வாசம் தெரியும். பூ வாடத் தொடங்கும் நேரத்தில் இனிப்புக்கு அடியில் ஒரு கனம் வரும், ஏறக்குறைய அழுகல் என்றுகூடச் சொல்லலாம். இந்தோல் என்ற பொருள்தான் அதற்குக் காரணம், மல்லிகையில் இயற்கையாகவே இருக்கிறது. மல்லிகைக்கு உயிரே அதுதான் என்பேன். ஜடோரில் அது இல்லை, அல்லது என் மூக்குக்கு எட்டாத அளவுக்கு அடக்கி வைத்திருக்கிறார்கள். விடிகாலைப் பூ, விடிகாலையிலேயே நின்றுவிட்டது. வியர்வை, தலைமுடி எண்ணெய், நாள் முழுக்க அலைந்த அலுப்பு எதுவும் படாத பூ.

விளம்பரத்தில் வரும் பெண்ணும் அப்படித்தான் இருக்கிறாள்.

2004 முதல் இருபது வருடம் ஜடோருக்கு முகம் நடிகை சார்லிஸ் தெரோன். 2024இல் பாடகி ரியானா வந்தார். எந்தப் படமானாலும் தங்க நிறம்தான், பெரும்பாலும் அவசரம் என்பதே இல்லாத நடை. பழைய படம் ஒன்றில் தெரோன் ஒரு மாளிகைக்குள் நடந்தபடியே நகைகளைக் கழற்றி எறிவார், கடைசியில் கவுனும் கழன்றுவிடும். தங்கம் சில்லிட்டது, வைரம் செத்தது, நிஜத்தை உணர் என்று குரல் சொல்லும். சொல்லிவிட்டுத் தங்க வளையம் போட்ட புட்டியைக் காட்டுவார்கள்! அந்தத் துணிச்சலுக்கு அரை நட்சத்திரம் கூடவே போட்டேன்.

2011இல் வந்த படத்தை எடுத்தது பிரான்சின் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில். தெரோன் வேகவேகமாக வந்து, ஒப்பனை அறையைக் கடந்து, பேஷன் மேடையில் தங்க உடையில் நடப்பார். வழியில் பழைய ஹாலிவுட் நடிகைகள் கிரேஸ் கெல்லி, மார்லீன் டீட்ரிச், மர்லின் மன்றோ மூவரும் கணினி வேலையில் உயிரோடு வந்துபோவார்கள். மன்றோ 1962இலேயே இறந்துவிட்டவர். படுக்கப் போகும்போது ஷனெல் எண் 5 சென்ட் போட்டுக்கொள்வதாகப் பேட்டியில் சொன்னவர். அவரையே போட்டிக் கம்பெனிக்கு மாடல் ஆக்கிவிட்டார்கள். செத்த பிறகும் ஒரு நடிகைக்கு லீவு கிடையாது போலிருக்கிறது.

இந்தப் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. சென்ட் விளம்பரத்துப் பெண்கள் எதையும் மோந்து பார்ப்பதே அபூர்வம். தலையைப் பின்னால் சாய்ப்பார்கள், கழுத்தைக் காட்டுவார்கள், உதடு கொஞ்சம் திறந்திருக்கும். மூக்கு அவர்களுக்கு அழகுக்கு மட்டும்தான். வாசத்தைத் திரையில் அனுப்ப முடியாது, சரி. அதனால் வாசம் பிடிக்கும் சந்தோஷத்தைக் காட்டலாமே? காட்டுவது, மற்றவர் வாசம் பிடிக்கக் கழுத்தை நீட்டி நிற்கும் ஒருத்தியை. போட்டுக்கொள்பவளிடம் பேசுகிற மாதிரி இருந்தாலும், அவளைப் பார்க்கப் போகிறவரிடமும் வாங்கிக் கொடுக்கப் போகிறவரிடமும் சேர்த்தே பேசுகிறது படம். காதலர் தினம், அன்னையர் தினம், கிறிஸ்துமஸ் வரும்போது இவை கண்ணில் அதிகம் படுவது சும்மா இல்லை. என் கணவரிடம் மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது.

எனக்கு வேலை செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். இரவு ஷிஃப்ட் முடித்துப் பேருந்துக்கு நிற்கும்போது எதிரே வெளிச்சப் பெட்டியில் அந்தத் தங்கப் பெண் நின்றால் கண் போகத்தான் செய்கிறது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டாம், கையில் சாமான் பை இல்லை. அழகைவிட அந்த ஓய்வுதான் என்னை இழுக்கிறது. ஆசைப்படும் இடத்தைத் தெரிந்துதான் தொடுகிறார்கள்.

எல்லாரும் இதே மாதிரி விற்றதில்லை. 1973இல் ரெவ்லான் கொண்டுவந்த சார்லி விளம்பரத்தில் ஒரு பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு பெரிய எட்டு வைத்துத் தெருவில் போனாள். சம்பாதித்துத் தன் காசில் வாங்குகிற பெண்களைக் குறிவைத்த சென்ட் அது, அமோகமாக விற்றது. எதிர்ப்பக்கம் ஈவ் சேன் லோரானின் ஓப்பியம் சென்ட். 2000இல் மாடல் சோஃபி டாலை உடையில்லாமல் படுக்க வைத்து எடுத்த படம், பிரிட்டனில் நூற்றுக்கணக்கான புகார் வந்து விளம்பரப் பலகைகளிலிருந்து இறங்கியது. இங்கே அது பேருந்து நிறுத்தம் வரை வந்திருக்கவே செய்யாது. ஆனால் ஒரு நூல் தங்கச் சரிகையைச் சுற்றிவிட்டால் அதே உடம்பு, அதே சாய்வு, எந்த நிலையத்திலும் நிற்கலாம்.

எனக்குப் பிடித்தது 2016இல் வந்த கென்ஸோ வேர்ல்ட் சென்ட்டின் விளம்பரப் படம். இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்தது. பச்சைக் கவுன் போட்ட நடிகை மார்கரெட் குவாலி ஒரு பெரிய விருந்தில் சலிப்போடு உட்கார்ந்திருப்பார். எழுந்து வெளியே வந்ததும் பேய் பிடித்த மாதிரி ஆட்டம். முகத்தைக் கோணுவார், கண்ணை உருட்டுவார், சிலையை நக்குவார். அழகாகத் தெரியவேண்டும் என்ற கவலையே கிடையாது. இதில் வேடிக்கை, அந்த சென்ட் எனக்குப் பிடிக்கவில்லை, இனிப்பு தூக்கல். விளம்பரம் பிடித்து சென்ட் பிடிக்காமல் போவதும் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள்.

ஜடோரிலேயே கனமான வகை, 2023இல் வந்த லோர் த ஜடோர், எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கணவரோடு ஆர்ச்சர்ட் சாலைக் கடை ஒன்றுக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். கேள்வி கேட்டது நான், விற்பனைப் பெண் பதில் சொன்னது அவருக்கு. மணம் பார்க்கும் அட்டைத் துண்டுகூட முதலில் அவர் கைக்குத்தான் போனது. "மேடத்துக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும் சார்" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். மேடம் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணைக் குறைசொல்லிப் பயனில்லை, அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் அதே படத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

அங்கிருந்து கம்போங் கிளாம் போனோம். அரப் ஸ்திரீட் பக்கத்து அத்தர் கடைகளில் சுவரில் பெண் படமே இல்லை. புட்டி புட்டியாக எண்ணெய், ஆல்கஹால் சேர்க்காதது. கடைக்காரர், "கையைக் கொடுங்கக்கா" என்று கண்ணாடிக் குச்சியால் மல்லிகை அத்தரைத் தொட்டு வைத்துவிட்டு, ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சுல்தான் பள்ளிவாசல் வரை போனோம். அதன் தங்கக் குவிமாடத்துக்கு அடியில் ஒரு கருப்புப் பட்டை தெரியும், அது முழுக்கக் கண்ணாடி போத்தல்களின் அடிப்பாகம். வசதியில்லாதவர்களும் பள்ளிவாசல் கட்டப் பங்கு கொடுக்கட்டும் என்று அவர்களிடம் வாங்கிச் சேர்த்தது. தங்கத்தைத் தாங்கி நிற்பது அந்தப் போத்தல்கள் என்று கணவரிடம் காட்டினேன். அவர் தன் மணிக்கட்டை மோந்துகொண்டிருந்தார்.

அந்த மல்லிகை அத்தரில் நான் தேடிய சாயங்கால வாசம் இருந்தது. ஒரு சின்னப் புட்டி வாங்கினேன், ஜடோர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதற்காக ஜடோரை ஒதுக்கிவிடவில்லை. அலுவலகத்துக்கு அது, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இது.

வாங்க நினைப்பவர்களுக்கு: சின்னப் புட்டியே போதும், நம் வீட்டுச் சூட்டில் நாள்பட வைத்தால் சென்ட் மாறிவிடும். வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வெளிநாடு போகிற வேலை இருந்தால் சாங்கி விமான நிலையத்தில் வாங்குங்கள், 9 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம். அட்டைத் துண்டை நம்பாமல் தோலில் தெளித்து, கடைக்கு வெளியே வெயிலில் அரை மணி நேரம் நடந்த பிறகு காசை எடுங்கள். மனைவிக்கு வாங்கப் போகும் அண்ணன்மார்கள் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், விற்பனைப் பெண் உங்களிடமே பேசினாலும்.