ஆசைக்கு அணை போடுபவர்: அப்ஸ்டீமியஸா, டெம்பரேட்டா?

நீட்டிய மதுக் கோப்பையை வாங்காமல் நகர்ந்துவிடும் ஒருவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அகராதியைப் புரட்டினால் அப்ஸ்டீமியஸ், அப்ஸ்டினன்ட், டெம்பரேட், கான்டினென்ட் என்று பெயரடைகள் வரிசைகட்டி நிற்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஆளே மாறிவிடுவார்.

அப்ஸ்டீமியஸ் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது மது. லத்தீனில் ‘டெமெட்டம்’ என்றால் போதை தரும் பானம். அதை விட்டு விலகியவர் என்பதே மூலப் பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இது பிறகு உணவுக்கும் பரவியது, கடுமையும் தளர்ந்தது. இன்று அப்ஸ்டீமியஸ் ஆனவர் குடிக்கவே மாட்டார் என்பதில்லை. அரைக் கோப்பையோடு எழுந்துவிடுவார். ஆளுக்கு மட்டுமன்றி, அவருடைய பழக்கத்துக்கும் எளிய உணவுக்கும்கூட இதை அடைமொழியாக்கலாம். ஆனால் பெரும்பாலும் வயிற்றைத் தாண்டாத சொல் இது. லஞ்சம் வாங்காத அதிகாரியை அப்ஸ்டீமியஸ் என்று எழுதினால், அவர் குறைவாகச் சாப்பிடுகிறார் என்றே படிப்பவர் நினைப்பார். அங்கே பொருந்துவது இன்கரப்டிபிள். (ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று வரிசை மாறாமல் ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் வரும் அபூர்வச் சொல் என்பதால், சொல் விளையாட்டுப் பிரியர்களுக்கு அப்ஸ்டீமியஸ் மீது தனி மோகம்.)

அப்ஸ்டினன்ட் சமரசம் அறியாதது: ஒரு துளியும் கிடையாது. டெம்பரேட் அளவோடு நிற்பது. இரண்டில் எது கடினம்? 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனிடம், கொஞ்சம் மது அருந்தும்படி ஒருமுறை வற்புறுத்தினார்கள். கொஞ்சமாகக் குடிக்கத் தன்னால் முடியாது, அதனால்தான் தொடுவதே இல்லை என்றார் அவர். அறவே விடுவது எவ்வளவு எளிதோ, அளவோடு நிறுத்துவது அவ்வளவு கடினமாம். ஆக ஜான்சன் அப்ஸ்டினன்ட், டெம்பரேட் அல்ல. இவ்வளவு தெளிவான எல்லைக்கோட்டை 19ஆம் நூற்றாண்டின் மதுவிலக்குச் சங்கங்கள் அழித்துவிட்டன. 1832இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சியும் அவருடைய கூட்டாளிகளும் முழு மதுவிலக்கு உறுதிமொழி எடுத்தார்கள். அந்தப் போக்கு வலுத்த பிறகு, ‘டெம்பரன்ஸ்’ என்ற பெயர்ச்சொல் மதுவிலக்கையே குறிக்கத் தொடங்கியது. பெயரடை மட்டும் தப்பித்தது. மிதமான தட்பவெப்பமும் நிதானமான பேச்சும் இன்றும் டெம்பரேட்தான்.

என் அனுதாபம் கான்டினென்ட் மீதுதான். அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஏழாம் பகுதியில் இருவரைப் பிரிக்கிறார்: தகாத ஆசை உள்ளே கொதித்தும் அதற்கு இணங்காதவர் ஒருவர், அத்தகைய ஆசையே எழாதவர் மற்றவர். ஆங்கில மொழிபெயர்ப்புகளில் முதலாமவர் கான்டினென்ட், அடுத்தவர் டெம்பரேட். சபலத்தோடு உண்மையாக மல்லுக்கட்டுபவருக்கு இதைவிடத் துல்லியமான பெயரடை இல்லை. ஆனால் மருத்துவமனைகள் அதை எடுத்துக்கொண்டன. இன்று ஒருவரைக் கான்டினென்ட் என்றால் சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிகிறவர் என்றே கேட்பவர் புரிந்துகொள்வார். பாராட்டுரையில் இந்தச் சொல்லைப் போட்டால் அரங்கமே நெளியும். அந்தப் போராட்டத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் பெயரடையையே தேட மாட்டேன். ‘ரெசிஸ்ட்’ என்ற வினைச்சொல்லைக் கொண்டு முழு வாக்கியமாக எழுதிவிடுவேன்.