"இன்ஜின் ரீபில்ட்" என்று ஒரே வரியில் பில் தந்தால் வாங்காதீர்கள்

அமெரிக்காவில் பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கி, வீட்டு கராஜில் வைத்துச் சரிசெய்யும் நம்மவர்கள் சிலர் இருக்கிறீர்கள். இன்ஜினை வெளியே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 850 டாலர் போனது. அதைவிட, ஐம்பது வருடம் உழைத்த ஒரு வார்ப்பிரும்பு பிளாக் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து கிடக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டி கப் கேடட் 128. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1970களின் தொடக்கத்தில் கென்டக்கியின் லூயிவில் ஆலையில் செய்தது. கோலர் கே301 இன்ஜின், ஒற்றை சிலிண்டர், 12 குதிரைத்திறன். இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்கு பெல்ட் கிடையாது, ஷாஃப்ட்தான் நேராகப் போகும். அதனால்தான் இதன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஒஹாயோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெரியவர் கொட்டகையைக் காலி செய்தபோது 400 டாலருக்கு வாங்கினேன். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து துரு சுரண்டினேன், கிளட்ச் மாற்றினேன், வயரிங் முழுக்கப் புதிதாக இழுத்தேன். இன்ஜின் மட்டும் நீலப் புகை விட்டது, ஆயிலும் குடித்தது. சிலிண்டரின் தேய்ந்த உள்சுவரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கும் ரீபோர் வேலைக்கு என்னிடம் மெஷின் இல்லை. வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒருவர். சின்ன இன்ஜின்களே தொழில் என்றார். பேச்சில் விஷயம் தெரிந்தவராகத்தான் இருந்தார். சிலிண்டரைப் பத்து தௌ ரீபோர், அதற்கு ஏற்ற கொஞ்சம் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன், தேய்ந்த கிராங்க் தண்டைச் சீராக்கும் கிரைண்டிங், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் புது கனெக்டிங் ராடு என்று பேசி முடித்தோம். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் ஊர் லேத் பட்டறைகளிலும் இப்படித்தான் சொல்வார்கள். அதிர்வைக் குறைக்க உள்ளே இருக்கும் இரண்டு பேலன்ஸ் கியர்களையும் எடுத்துவிடச் சொன்னேன். வருடங்கள் ஓடியதும் அவற்றின் பேரிங் தேய்ந்து கழன்றால் பிளாக்கையே உடைத்துவிடும் என்பதால், ரீபில்ட் செய்யும்போது பலரும் அவற்றை எடுத்துவிடுவது வழக்கம். சரி என்றார். ரொக்கமாகக் கொடுத்தால் 850, கார்டு என்றால் 1,000. ரொக்கமாகக் கொடுத்தேன்.

மூன்று வாரம் என்றது நான்கு மாதம் ஆனது. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் இன்னும் வரவில்லை என்ற ஒரே பதில். கடைசியில் எடுக்கப் போனபோது இன்ஜின் மேஜை மேல் பளபளவென்று மஞ்சள் பெயின்டில் இருந்தது. போல்ட் தலை, கேஸ்கட் ஓரம் எதையும் விடாமல் தடியாக அடித்திருந்தார். பில்லில் ஒரே வரி: "இன்ஜின் ரீபில்ட் – 850".

அன்று இரவு ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பழைய சாமானெல்லாம் எங்கடா?"

கோபியில் எங்கள் கிணற்று ஆயில் இன்ஜினைக் கழற்றினால் பழைய பிஸ்டன், ரிங், ராடு எல்லாவற்றையும் மெக்கானிக் ஒரு சாக்கில் கட்டி எங்கள் கையில் கொடுத்துவிடுவார். வாங்காமல் அப்பா காசு எண்ண மாட்டார். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன், இங்கே வந்து கேட்க மறந்துவிட்டேன். அந்த நிமிடமே ஹெட்டைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். இந்த இன்ஜினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே இருக்கும், ஹெட் வெறும் மூடி மாதிரிதான். பத்து நிமிட வேலை. புதுப் பெயின்டைக் கீறிவிடுவோமோ என்று தயங்கினேன்.

இன்ஜினை வண்டியில் மாட்டி ஓட்டிய ஆறாவது மணி நேரம். பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். முதலில் டக் டக் என்று ஒரு சத்தம், நான் சாவிக்குக் கை கொண்டு போவதற்குள் ஒரே இடி. பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை, காலடியில் சூடான ஆயில்.

ஹெட்டைத் திறந்து சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன். நகம் தட்டி நின்றது. ரிங் ஏறி இறங்கும் இடம் தேய்ந்து, அதற்கு மேலே தேயாத பகுதி படியாக நிற்கும். ரீபோர் செய்திருந்தால் அந்தப் படி இருக்கவே இருக்காது. பிஸ்டன் தலையைத் துடைத்துப் பார்த்தேன், ஓவர்சைஸ் எண் எதுவும் இல்லை. பழைய பிஸ்டன், கழுவி மாட்டியது. பேலன்ஸ் கியர்கள் இரண்டும் அதே இடத்தில் இருந்தன. கார்புரேட்டர்கூட என்னுடையது இல்லை. என்னுடையதன் அடியில் நானே அரத்தால் போட்ட கோடு ஒன்று இருந்தது.

மீதி இருந்ததை வேறொரு மெஷின் ஷாப்புக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் ஒன்றும் பேசாமல் மைக்ரோமீட்டரை எடுத்து, கிராங்கில் ராடு உட்காரும் இடத்தை ஒரு பக்கம் அளந்தார், பிறகு குறுக்கே அளந்தார். 1.499 அங்குலம், 1.494 அங்குலம். புதிதில் அது 1.5. ஐந்து தௌ முட்டை வடிவில் தேய்ந்த கிராங்கில் ஸ்டாண்டர்டு ராடை அப்படியே மாட்டியிருக்கிறார்கள். இந்த இன்ஜினில் ராடு அலுமினியம். நடுவே பேரிங் ஷெல் (மாற்றக்கூடிய மெல்லிய உறை) கிடையாது, அலுமினியமே நேராகக் கிராங்கில் ஓடும். ஆயில் பம்பும் கிடையாது, ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி வாரி இறைக்கும் ஆயில்தான். ஒன்றிரண்டு தௌ இடைவெளிக்குமேல் போனால் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? கிராங்கைப் பத்து தௌ இறக்கி கிரைண்டிங் செய்தால் அதற்கென்றே பத்து தௌ குறைந்த அளவில் ராடு கிடைக்கிறது. இதெல்லாம் அந்த முதல் ஆளுக்குத் தெரியாதது இல்லை. என்னிடம் அவர் வாயாலேயே சொன்னதுதான்.

நீங்கள் கொடுக்கும்போது சிலிண்டர், கிராங்க் இரண்டின் அளவையும் வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். பிளாக், கிராங்க், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சென்டர் பஞ்ச் (இரும்பில் புள்ளி குத்தும் கருவி) வைத்து ஒரு குத்து குத்தி, போட்டோ எடுத்து வையுங்கள். ஹெட்டை மாட்டாமல், பெயின்ட் அடிக்காமல் தரச் சொல்லுங்கள். அந்த இரண்டையும் நாமே வீட்டில் செய்துகொள்ளலாம். பணம் கார்டில் போகட்டும். எனக்கு 150 டாலர் மிச்சம் பிடிக்கப் போய், பேங்கில் புகார் கொடுக்கும் வழியே அடைபட்டது.

அவரிடம் நேரில் போய்க் கேட்டேன். ஆயில் ஊற்றாமல் ஓட்டியிருப்பாய் என்றார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. ஒஹாயோவில் 6,000 டாலர் வரைக்கும் சிறுவழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே மனு போடலாம். போன வாரம் போட்டுவிட்டேன். உடைந்த ராடு, எண் இல்லாத பிஸ்டன், இரண்டாவது மெஷின் ஷாப் எழுதித் தந்த அளவுத்தாள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. என் பக்கம் பலவீனம் அந்த ஒரு வரி பில்தான்.

வேறொரு கே301 பிளாக் பழைய இரும்புக் கடையில் கிடைத்திருக்கிறது. இந்த முறை ஹெட் இல்லாமல்தான் வீட்டுக்கு வரும்.