கலவைமுறைப் பாடம்: பல ஆண்டுப் பயன்பாட்டில் நிலைத்தவையும் கைவிட்டவையும்

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் பெரியவர்களுக்கான தமிழ் இலக்கணப் பாடம் ஒன்றை, இணையத்திலும் வகுப்பறையிலுமாகப் பிரித்துப் பல ஆண்டுகளாக வடிவமைத்து நடத்திவருகிறேன். இந்தக் கலவைமுறை 2020இல் கொவிட்-19 பரவலோடு வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 1998இலேயே ஐவிஎல்இ என்ற சொந்தக் கற்றல் தளத்தைக் கொண்டிருந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015இல் திறக்கப்பட்ட 'தி ஹைவ்' கட்டடத்தின் 56 பயிற்சி அறைகள், ஆசிரியர் நின்று பேசுவதற்கென ஒரு முன்பக்கம் இல்லாதபடி வளைவாகவே அமைக்கப்பட்டன. விரிவுரை வீட்டுக்குப் போய்விட்டால் வகுப்பறை எதற்கு என்ற கேள்விக்குக் கட்டடக் கலைஞர்கள் தந்த விடை அது. பாடத்தை வடிவமைப்பவர் அதே கேள்விக்கு வாரந்தோறும் விடை தேட வேண்டியிருக்கிறது.

என் பாடத்தில் இன்றுவரை மாறாமல் நிலைத்திருப்பது, வகுப்புக்கு முந்தைய இரவு முடிவடையும் குறுவினாத்தாள். புணர்ச்சி விதிகளை மாணவர்கள் காணொளியில் பார்த்துவிட்டு அதற்கு விடையளிக்கிறார்கள். நான் மதிப்பெண்களைவிடத் தவறான விடைகளையே கவனமாகப் படிக்கிறேன். ஐ, கு ஆகிய வேற்றுமை உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகும் என்பதைப் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டு, அது மிகாத வினைத்தொகையிலும் ஒற்றைச் சேர்த்துச் 'சுடுசோறு' என்பதைச் 'சுடுச்சோறு' என எழுதியிருந்தால், மறுநாள் வகுப்பு அந்த இடத்திலிருந்தே தொடங்கும். ஜூரோங்கிலிருந்தும் தெம்பனிஸிலிருந்தும் வேலை முடிந்து, பலர் இரவு உணவுகூட உண்ணாமல் பெருவிரைவு ரயிலில் வந்து சேர்பவர்களுக்கு, வீட்டில் கேட்டதையே மீண்டும் விளக்குவது அநியாயம். அப்படி ஒரே ஒருமுறை விளக்கிவிட்டாலும் போதும், அடுத்த வாரம் யாரும் காணொளியைத் திறக்க மாட்டார்கள்.

காணொளியின் நீளத்தைப் பொறுத்தவரை ஆய்வும் அனுபவமும் ஒத்துப்போகின்றன. 2014இல் பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் காணொளி பார்க்கப்பட்ட 6.9 மில்லியன் அமர்வுகளை ஆராய்ந்து, காணொளி எவ்வளவு நீண்டாலும் பார்வையாளர் செலவிடும் இடைநிலை நேரம் (பாதி அமர்வுகள் இதைவிடக் குறைவு) ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டினர். அவை விருப்பப்பட்டுச் சேரும் திறந்தநிலைப் பாடங்கள். என் மாணவர்களோ கட்டணம் செலுத்தித் தேர்வெழுதுபவர்கள். ஆயினும் ஒரு விதிக்கு ஒரு காணொளி எனத் துண்டாக்கிய பிறகுதான், தேர்வுக்கு முன் வேண்டிய விதியை மட்டும் தேடிப் பார்க்கும் வழக்கம் அவர்களிடம் வந்தது.

செலவு என்று பார்த்தால், அது மாணவரின் நேரம்தான். பழைய வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் காணொளி, வினாத்தாள், கலந்துரையாடல் என ஏற்றினால், ஒரு பாடத்துக்கு ஒன்றரைப் பாடத்தின் சுமை வந்துவிடும். நேரடி வகுப்பை மட்டும் நடத்துவதைவிடக் கலவைமுறை சற்றே மேலான பலன் தருகிறது என்று அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகூட, அப்பலனுக்குக் கூடுதல் கற்றல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் காரணமாக இருக்கலாம் என்று எச்சரித்தது. அதனால் இணையத்தில் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் வகுப்பிலிருந்து ஒன்றை எடுத்துவிடுகிறேன். நீக்குவதற்கு எதுவும் கிடைக்காத வாரத்தில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

மதிப்பெண்ணுக்காக இரண்டு பதிவுகள் இட வேண்டும் என்ற கலந்துரையாடல் பக்கம் பயன்படவில்லை. 'நானும் உடன்படுகிறேன்' என்ற வரிகளே குவிந்தன. அதற்குப் பதிலாக, தம் பணியிடத்திலோ பேருந்து நிறுத்தத்திலோ கண்ட தமிழ் அறிவிப்பு ஒன்றைப் படமெடுத்து அனுப்பச் சொன்னபோது, வகுப்பில் திருத்துவதற்கு வேண்டிய அளவு பொருள் கிடைத்தது. சிலர் அறையிலும் சிலர் ஸூமிலுமாக ஒரே நேரத்தில் நடத்தும் முறையை முற்றாகக் கைவிட்டேன். ஒலிவாங்கியைக் கவனிப்பதா, முன்னே கையுயர்த்தியவரைக் கவனிப்பதா என்ற இழுபறியில் இரு தரப்பினருமே பாதி வகுப்பைத்தான் பெறுகிறார்கள். முழுநேரத் தேசிய சேவையை முடித்தவர்களுக்கு ராணுவம் நடத்தும் போர்க்காலப் படைப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டு வர இயலாதவருக்கு, வகுப்பில் திருத்திய பத்திகளின் ஒலிப்பதிவும் தனியே ஒரு பயிற்சியும் அனுப்புவது எனக்கும் எளிது, அவருக்கும் பயனுள்ளது.