ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்காக ஏஜென்சியில் பணம் கட்டப் போகிறீர்களா? என் 65,000 ரூபாய் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

65,000 ரூபாய். நேற்று ராத்திரி வரைக்கும் எப்படியும் திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் அந்த ஏஜென்சிக்காரர் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திருமங்கலம் பக்கம் இருபது படுக்கையோடு ஒரு சின்ன நர்சிங் ஹோம் எங்களுடையது. வீட்டுக்காரர் சர்ஜன். கணக்கு வழக்கு, சம்பளம், ஆள் பிடிப்பது எல்லாம் என் தலையில். பதினோரு வருஷமாக எங்கள் தியேட்டரைக் கட்டி ஆண்ட சிஸ்டர் சித்திரையில் சவூதிக்குப் போய்விட்டார். அங்கே நர்ஸ் வேலைக்குக் கேட்கிற ப்ரோமெட்ரிக் பரீட்சை எழுதி, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோவெல்லாம் முடித்து முறையாகப் போனார். அவரைக் குறை சொல்ல வாய் வராது. அங்கே கிடைக்கிற சம்பளத்தை எங்களால் கனவில்கூடக் கொடுக்க முடியாது.

அவர் போன பிறகுதான் நிலவரம் புரிந்தது. வார்டுக்கு நர்ஸ் கிடைக்கிறார்கள், தியேட்டருக்குக் கிடைப்பதில்லை. மூன்று வருஷ ஜி.என்.எம். என்கிற நர்ஸ் டிப்ளமோ படிப்பில் தியேட்டர் போஸ்டிங் என்பது சில வாரங்கள்தான். அதற்கென்றே ஓராண்டு டிப்ளமோ ஒன்று இருக்கிறது. எங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் ஒருவர்கூட அதைப் படித்தவர் இல்லை. மற்றபடி, ஒரு சர்ஜன் பக்கத்தில் நின்று திட்டு வாங்கி வருஷக்கணக்கில் கை பழக வேண்டிய வேலை அது. பழகி முடிப்பதற்குள் மதுரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் இழுத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெளிநாடு. நாங்கள் எங்கே போவது?

அப்படித்தான் அந்த ஏஜென்சிக்குப் போனேன். மதுரை காளவாசல் பக்கம், கீழே பேக்கரி, மாடியில் ஆபீஸ். ஏசி, சுவர் முழுக்க நர்ஸ் பிள்ளைகள் போட்டோ. "மேடம், நாமளும் மதுரக்காரய்ங்கதான், ஊருக்குள்ளயே இருந்துக்கிட்டு ஏமாத்திருவோமா?" என்றார் ஏஜென்சிக்காரர். அதற்கெல்லாம் நான் மசியவில்லை. என்னை விழ வைத்தது ஒரு வீடியோ. நாற்பது விநாடி இருக்கும். ஒரு பெண் ஸ்க்ரப் ஆகி, அதாவது கை கழுவி கவுனும் கையுறையும் போட்டு நின்று, சர்ஜன் கை நீட்டுவதற்குள் கருவியை எடுத்துக் கொடுக்கிறாள். டிராலியில் எல்லாம் வரிசையாக, சுத்தமாக. எங்கள் பழைய சிஸ்டரைப் பார்த்த மாதிரியே இருந்தது. "இந்தப் பொண்ணுதான் மேடம், மூணு வருஷ ஆபரேஷன் தியேட்டர் அனுபவம், திங்கக்கிழமையே வந்துரும்" என்றார்.

தொப்பி, மாஸ்க், கவுன். கண் மட்டும்தான் தெரிந்தது. அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பதிவுக் கட்டணம் 5,000, ஏஜென்சி கட்டணமாக இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான 60,000. ஆக 65,000. "கம்பெனி அக்கவுண்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு மேடம், இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிருங்க" என்றார். பண்ணினேன். எம்.காம். படித்தவள் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை வந்த பெண் நல்ல பெண். உசிலம்பட்டிப் பக்கம். நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் திசுவைப் பிடிக்கிற அல்லிஸ் கேட்டால் ரத்தக் குழாயைப் பிடிக்கிற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் வரும், ஆர்ட்டரி கேட்டால் கத்தரிக்கோல் வரும். புது இடம், பயமாக இருக்கும், பழகட்டும் என்று விட்டோம்.

ஒன்பதாம் நாள் ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன். ஐந்து ஐந்தாக இரண்டு கட்டு மாப், அதாவது வயிற்றுக்குள் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி, பிரித்திருக்கிறார்கள். வயிற்றை மூடும் முன் எண்ணினால் ஒன்பதுதான் இருக்கிறது. எத்தனை பிரித்தோம் என்று போர்டில் எழுதவும் இல்லை. அப்படி எழுத வேண்டும் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் தையல் போட மறுத்து அப்படியே நிற்கிறார். மதுரையிலிருந்து வந்த மயக்க மருந்து டாக்டருக்கு அடுத்த கேஸ் வேறு காத்திருக்கிறது. நான் தியேட்டர் வாசலில் நிற்கிறேன், வெளியே பெஞ்சில் அந்த அம்மாவின் மகன் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறான். இருபத்தைந்து நிமிஷம். கடைசியில் எங்கள் தியேட்டர் ஆயாதான் தரையில் படுத்துத் தேடி, டிராலிச் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே ரத்தத்தோடு சுருண்டு கிடந்ததை எடுத்தார். அது கிடைக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு இப்போதும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சாயங்காலம் அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். டீ கொடுத்துவிட்டு வீடியோவைக் காட்டினேன். "இது நான் இல்லைங்கம்மா. நான் வார்டுலதான் இருந்தேன், தியேட்டர்னு அவங்க சொல்லவே இல்ல" என்றாள். அனுபவச் சான்றிதழ் ஏஜென்சியே தயார் செய்தது. அவளிடமும் 12,000 வாங்கியிருக்கிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இன்னும் அவர்கள் பீரோவில். ஒன்பது நாள் சம்பளம் கொடுத்து அனுப்பிவைத்தேன். இவள் மேல் எனக்குக் கோபமில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதலில் "ரீப்ளேஸ்மென்ட் அனுப்புறோம் மேடம்" என்றார்கள். வந்தவர் டயாலிசிஸ் டெக்னீசியன்! அடுத்து "ஆடி மாசம் மேடம், யாரும் வேலை மாற மாட்டாங்க". அதற்கடுத்து ஏஜென்சி முதலாளி குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தார். நான்கு நாள். அப்படி என்ன கோயிலோ. நேரில் போனால் வேறொரு பையன், "90 நாள் கியாரண்டி இருக்கு, ஆனா நீங்களாத்தானே அனுப்பினீங்க, அதுக்கு செல்லாது" என்று ஒப்பந்தத்தில் எறும்பு எழுத்தில் இருந்த வரியைக் காட்டினான். பில்லில் இருந்த ஜி.எஸ்.டி. எண், தமிழ்நாட்டுக்கான 33 என்று ஒழுங்காகத்தான் தொடங்கியது. இணையத்தில் போட்டுப் பார்த்தால் பதிவு ரத்து. ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்ம்மா" என்றார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், தொழிலுக்காக வாங்கின சேவை, அங்கே நிற்காது என்கிறார் வக்கீல். 65,000 போனது மட்டுமில்லை, மூன்று வாரமாக ஆபரேஷன் கேஸையெல்லாம் மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்ன பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. தனி ஆள் நம்பருக்கு ஜிபே பண்ணாதீர்கள். ஜி.எஸ்.டி. எண்ணைப் பணம் கட்டும் முன்னால் தேடுங்கள், என்னை மாதிரி பின்னால் இல்லை. அனுபவச் சான்றிதழ் கொடுத்த ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் போடுங்கள். வீடியோவை நம்பாதீர்கள், ஒரு டிராலியில் கருவிகளை உங்கள் கண் முன்னால் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். நர்ஸ் பிள்ளைகளே, ஒரிஜினலை எவனிடமும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் பற்றி இன்னும் எழுத நினைத்தேன், கீழே பில்லிங்கில் கூப்பிடுகிறார்கள்.

தியேட்டர் தெரிந்த சிஸ்டர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தங்க இடம் தருகிறோம், சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்தே வரும். நேரடியாக வரட்டும், நடுவில் யாரும் வேண்டாம்.