கேம்ஷாஃப்ட் மாற்ற எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

பழைய செவர்லே 350 வி8 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக இழுக்காது. வால்வு கவரைத் திறந்து பார்த்தால் ஒரு ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) மற்றவற்றில் பாதி உயரத்துக்குத்தான் ஏறி இறங்கும். கேம்ஷாஃப்டில் அந்த வால்வைத் திறக்க வைக்கும் மேடு, அதாவது லோப், தேய்ந்துவிட்டது. எஞ்சினை இறக்குவதா, வண்டியில் இருக்கும்போதே கேமை உருவுவதா?

இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் பிளாக்கின் நடுவில், கிராங்குக்கு மேலே இருக்கிறது. முன்பக்கமாக உருவினால் வந்துவிடும், ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கிராங்க் டேம்பர், டைமிங் கவர், செயின், இன்டேக் மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர், லிஃப்டர்கள் (லோபின் மேல் உட்கார்ந்து அதன் அசைவை ராக்கர் பக்கம் கடத்துபவை) எல்லாம் கழற்றியாக வேண்டும். பெட்ரோல் பம்புக்குப் போகும் சிறிய தண்டைப் பலர் மறந்துவிடுவார்கள். அதுவும் கேமில்தான் உட்கார்ந்திருக்கிறது. கேம் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம். ஏசி உள்ள வண்டியில் கண்டென்சரும் வழிமறிக்கும், அதற்குக் கேஸை மெஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் அதைக் காற்றில் விடுவது சட்டப்படி குற்றம்.

இவ்வளவு இருந்தாலும் வீட்டு கராஜில் ஒரு சனி, ஞாயிறில் முடிகிற வேலைதான். 250 கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சினைத் தூக்க ஹாய்ஸ்ட் தேடவேண்டாம். கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட், எஞ்சின் மவுண்ட் எதையும் தொடவேண்டாம்.

உருவும்போதுதான் நிதானம் வேண்டும். கியர் மாட்டும் ஓட்டையில் 5/16 அங்குல நீள போல்ட் ஒன்றைத் திருகினால் நல்ல கைப்பிடி கிடைக்கும். கேம் ஐந்து பேரிங்குகளைக் கடந்து வெளியே வருகிறது. அவற்றின் உலோகம் மிருதுவானது. ஒரு லோபின் விளிம்பு உரசினாலே கோடு விழும். குனிந்து, எடையைக் கையில் தாங்கி, மெல்லச் சுழற்றியபடி எடுக்க வேண்டும். எஞ்சின் ஸ்டாண்டில் இருந்தால் அதைச் செங்குத்தாகத் திருப்பிக் கேமை மேலிருந்து நேராக இறக்கலாம். எஞ்சினை இறக்குவதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான்.

ஆனாலும் முடிவை நான் வேறொரு இடத்தில்தான் எடுப்பேன். ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே மடித்திருக்கும் தாளை வெளியே எடுத்துப் பிழிந்து, காய்ந்ததும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கேமிலிருந்தும் லிஃப்டரிலிருந்தும் வந்த இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத செம்பு நிறப் பொடியோ வெள்ளிச் செதிலோ இருந்தால் பேரிங்குகளும் போய்க்கொண்டிருக்கின்றன. அப்புறம் எஞ்சினை இறக்காமல் வழியில்லை. கேம் பேரிங்கைப் புதிதாக அடித்து ஏற்ற, பின்னால் ஃபிளைவீலுக்கு உள்ளே இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். பிளாக்கின் ஆயில் வழிகளையும் கழுவி எடுக்க வேண்டும். அந்தத் தூளை உள்ளேயே விட்டுப் புது கேம் போட்டால் நாளைக்குக் கிராங்க் பேரிங் போகும்.

இன்னொரு தடை லிஃப்டர். நன்றாகத் தேய்ந்த லிஃப்டரின் அடிப்பகுதி காளான்போல விரிந்திருந்தால் அது தன் ஓட்டை வழியாக மேலே வராது. அடித்து இழுத்தால் ஓட்டைச் சுவர் கீறிவிடும். கீழ்வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கேமும் வெளியே வந்து, எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பும் கழன்றிருக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போது சம்ப்பைக் கழற்ற எஞ்சினைச் சற்று உயர்த்தவேண்டி வரும். அந்த நிலைக்கு வந்தபின் முழுக்க இறக்கிவிடுவதே மேல் என்பேன்.

ஃபில்டர் சுத்தமாக இருந்து, லிஃப்டர்களும் மேலே சுலபமாக வந்தால், அல்லது நல்ல கேமைத்தான் பவருக்காக மாற்றுகிறீர்கள் என்றால், எஞ்சினை இறக்கவேண்டாம். வண்டியிலேயே செய்பவர்கள் அதிகம் தவறுவது டைமிங் கவரில்தான். அதன் கீழ்விளிம்பு சம்ப் கேஸ்கெட்டில் உட்காருகிறது. அவசரப்பட்டால் அங்கே ஆயில் கசியும். நானும் ஒருமுறை அந்தக் கசிவுக்காகவே எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன்.

எந்த வழியில் போனாலும், ரோலர் அல்லாத (லிஃப்டரின் அடியில் உருளை இல்லாத) புது கேமுக்குப் பழைய லிஃப்டரை மறுபடி போடக்கூடாது. இன்னொன்று: டைமிங் செயின் மாட்டும் இரண்டு கியர்களின் புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்கும்போது தீப்பற்றப்போவது 6ஆம் சிலிண்டர். 1ஆம் சிலிண்டர் என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ரோலர் அல்லாத புது கேமென்றால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் உடனே 2000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய், துத்தநாகம் கலந்த பிரேக்-இன் ஆயிலோடு 20 நிமிடம் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில்தான் லோபும் லிஃப்டரும் ஒன்றோடொன்று பழகுகின்றன.