‘நிமிஷம் 1 சென்ட்’ ஆப்பில் காசு போடுவதற்கு முன்

ஊரில் அம்மா கையில் பட்டன் போன் என்றால், வெளிநாட்டிலிருந்து பேச வாட்ஸ்அப் உதவாது; மலிவு காலிங் ஆப் பக்கம் போவோம். நெட்டில் கிளம்பும் கால் கடைசியில் ஊர் நெட்வொர்க்கில் இறங்கியாக வேண்டும். காசு அந்தக் கடைசித் துண்டுக்குத்தான். ஏமாற்று நடப்பதும் அங்கேதான்.

முன்பணம் கட்டி வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு காலத்துத் தந்திரம் இது. இதற்காக 2008-லேயே அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. சில கார்டு கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தது. கார்டு போய் ஆப் வந்தாச்சு, பொடி எழுத்து மட்டும் போகவில்லை. ‘நிமிஷம் 1 சென்ட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில், காலுக்கு 49 சென்ட் இணைப்புக் கட்டணம், 3 நிமிஷத் தொகுதியாகக் கணக்கு என்று இருந்தால் என்ன ஆகும்? 4 நிமிஷம் பேசினால் 6 நிமிஷமாக எடுத்து 55 சென்ட் பிடிப்பார்கள். 10 டாலருக்கு 1,000 நிமிஷம் என்று நம்பியவருக்குக் கிடைப்பது 18 கால், மொத்தம் 72 நிமிஷம்.

எடுக்காத காலுக்கும் காசு போவது இன்னும் மோசம். கால் போகும் வழியை (ரூட்) ஆப் கம்பெனிகளுக்கு மலிவாக விற்கும் இடைத்தரகர்களில் சிலர், ஊரில் மணி அடிக்கும்போதே ‘எடுத்தாச்சு’ என்று சிக்னல் அனுப்பிவிடுவார்கள். தொழிலில் இதற்கு எஃப்.ஏ.எஸ். (ஃபால்ஸ் ஆன்சர் சூப்பர்விஷன்) என்று பெயர். கண்டுபிடிக்க, எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு 30 விநாடி அடிக்க விடுங்கள். பேலன்ஸ் குறைந்ததா, ஆப்பைத் தூக்கிவிடுங்கள். குறையவில்லையா, அடுத்து 65 விநாடி பேசிப் பாருங்கள். எத்தனை நிமிஷமாகப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கனடாவிலிருந்து கூப்பிட்டும் ஊரில் முன்பின் தெரியாத +91 மொபைல் நம்பர் விழுகிறதா? அநேகமாக சிம் பாக்ஸ்: லோக்கல் சிம்களை அடுக்கிய பெட்டி வழியாகக் காலைத் திருப்பிவிடுகிறார்கள். இந்தியாவில் இது சட்டவிரோதம். அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டால் உங்களுக்கு வராது. வீட்டார் இந்திய அரசின் தொலைத்தொடர்புத் தளமான சஞ்சார் சாத்தியில் புகார் கொடுக்கலாம்.

சில ஆப்கள் டேட்டா வீக்கானால் ‘லோக்கல் அக்சஸ் நம்பர்’, அதாவது ஆப் கம்பெனியின் உள்ளூர் நம்பர் ஒன்றின் வழியாக உங்கள் சிம்மிலிருந்தே டயல் செய்யும். ரோமிங்கில் இருந்தால் பில் எகிறும். செட்டிங்கில் ‘வைஃபை, டேட்டா மட்டும்’ என்று வையுங்கள்.

ஆட்டோ ரீசார்ஜை முதல் நாளே அணையுங்கள். போனஸ் ஆசைக்கு 50 டாலர் போடாதீர்கள். ஸ்கைப்பே 2025 மே மாதம் கடையைக் கட்டியது. இந்தக் குட்டி ஆப்களுக்கு 5 டாலர் போதும், அதையும் காலாவதித் தேதி பார்த்துவிட்டு.