ஸ்பீக்கர் கேபிளை மாற்றச் சொன்னால், முதலில் சிவப்பு, கறுப்பு முனைகளைச் சரிபாருங்கள்

வீட்டில் ஸ்டீரியோ வைத்துப் பாட்டுக் கேட்பவர்களை, குறிப்பாக வயதான பெற்றோர் அதைப் பயன்படுத்தும் வீடுகளில் இருப்பவர்களை எச்சரிப்பதற்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஆடியோ சாதனங்கள் விற்கும் ஒரு கடை, என் தந்தையாருக்கு ஆறு மீட்டர் ஸ்பீக்கர் கேபிளை 28,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. விலை மட்டும்தான் பிரச்சினை என்றால் அவரவர் விருப்பம் என்று விட்டிருப்பேன். கோளாறு எங்கே என்பதைக் காட்டும் படம் கையில் இருந்தும், அதைச் சொல்லாமல் கேபிளை விற்றார்கள் என்பதுதான் என் புகார்.

வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டியதிலிருந்து ஒலி சரியில்லாமல் இருந்தது. மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் கனமே இல்லை. பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறியது. அப்பா கடைக்குப் பேசியபோது, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்கள் இரண்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். "கேபிள் பழசு சார், அதுல பேஸ் வராது" என்று பதில் வந்தது. ஆள் வந்து புதுக் கேபிளைப் பொருத்தியதும் ஒலி உண்மையிலேயே சீரானது. அதனால் அப்பாவுக்குச் சந்தேகமே எழவில்லை.

அந்தப் படங்கள் அவர் ஃபோனில் அப்படியே இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரில் சிவப்புக் கோடு போட்ட வயர்கள் இரண்டும் சிவப்பு முனைகளில் சரியாக இருக்கின்றன. இடது ஸ்பீக்கரிலும் அப்படியே. வலது ஸ்பீக்கரில் மட்டும் சிவப்புக் கோட்டு வயர் கறுப்பு முனையில் செருகப்பட்டிருக்கிறது. இப்படிப் பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும் நேரத்தில் மற்றதன் கூம்பு பின்னே இழுக்கும்; தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துபோகும், நடுவில் கேட்க வேண்டிய குரல் கலைந்துவிடும். அப்பா சொன்ன குறை எழுத்துக்கு எழுத்து இதுதான். ஸ்டீரியோ பொருத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தப் படத்தைப் பார்த்தவுடன் இது தெரியாமல் போயிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பரணில் கிடந்த பழைய வயரை எடுத்துச் சரியான முனைகளில் மாட்டினேன். எது பழையது, எது புதியது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஒரே கீர்த்தனையைப் போட்டுக் காட்டியபோது, கச்சேரி கேட்டே வளர்ந்த அப்பாவால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதில் வியப்பில்லை. பழையது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். மூன்று மீட்டர் தூரத்துக்குப் போகவும் வரவுமாகச் சேர்த்து அதன் மின்தடை ஏறக்குறைய 0.045 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் இதனால் ஏற்படும் இழப்பு ஒரு டெசிபெலில் இருபதில் ஒரு பங்குதான். காதுக்கு எட்டாத அளவு. கேபிளால் வேறுபாடே வராது என்று நான் சொல்லவில்லை. மெல்லிய வயரைப் பதினைந்து, இருபது மீட்டர் இழுத்தால் வரும். ரெக்கார்டு பிளேயரிலிருந்து வரும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) கூடினால் உச்ச ஒலிகள் மாறும். வயரைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டு மோசமாக இருந்தால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகும். இவை எல்லாமே அளந்து பார்க்கக்கூடியவை. இவற்றைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை.

புதுக் கேபிளின் முனையில் பிளக் தளர்ந்திருந்ததால் அதைக் கழற்றி, ஓர் இழையை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து, உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. பெட்டியின் மேல் '99.99 சதவீதத் தூய செம்பு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தின் மின்தடை அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இவ்வளவு குறைந்த தூரத்தில் அதுவும் காதுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் இழைகள் வளைத்தால் எளிதில் ஒடியும், திருகு முனைகளில் பிடிப்பு நாளடைவில் தளரும். சொன்ன பொருளைத் தரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் இன்னொன்று புரிந்தது. கேபிள் 'பழகி' முழு ஒலியைத் தர 200 மணி நேரம் ஓட வேண்டும், அதுவரை பொறுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். பில்லில் உள்ள திரும்பப்பெறும் காலம் ஏழு நாள், அதாவது 168 மணி நேரம். இரவு பகலாக ஓடவிட்டாலும் அவர்கள் சொன்ன கணக்கு முடிவதற்குள் கெடு முடிந்துவிடும். ஓடவிட்டால் செம்பு வயரின் ஒலி மேம்படும் என்பதற்கு எந்த அளவீட்டு ஆதாரமும் இல்லை. சுரண்டிய இழையைக் காட்டியதற்கு, பிளக்கைக் கழற்றியதால் உத்தரவாதம் போய்விட்டது என்றார் மேலாளர்.

கடையில் ஒப்பிட்டுக் காட்டும்போதும் கவனமாக இருங்கள். வால்யூமைச் சற்றே கூட்டி வைத்தாலும், சத்தம் கூடியதாகத் தோன்றாமல் ஒலி தெளிவானதாகவே நம் காதுக்குப் படும். இரண்டு கேபிளுக்கும் வால்யூம் ஒன்றுதானா என்று கேளுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

பில், பெட்டி, வாட்ஸ்அப் உரையாடல், சுரண்டிய இழையின் படம் அனைத்தையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். இதே போல் கேபிள் வாங்கியவர்கள் பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.